அறிவிக்கப்படாத மூடல்

கொல்லத்தை உலகின் முந்திரித் தலைநகர் என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. கேரளத்தில் இயங்கிய 800-க்கும் மேற்பட்ட முந்திரி ஆலைகளுள் பெரும்பாலானவை அம்மாவட்டத்தில் இருந்தன. அவற்றை நம்பி ஏறத்தாழ 3 லட்சம் தொழிலாளர் வாழ்ந்தனர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். 2015-ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளுக்குள் அவ்வாலைகளில் மிகப் பெரும்பாலானவை வேலையை நிறுத்திவிட்டன. ஒரே வட்டாரத்தில், ஒரே தொழிலில், இத்தனை பெண்கள் இவ்வளவு விரைவில் வேலையிழந்த நிகழ்வு தென்னாட்டில் அரிது. ஆயினும் அந்நிகழ்வுக்கு ஒரு நாளைக் குறித்துச் சொல்ல எவராலும் இயலாது. நின்றுபோன ஆலைகளுள் பல சட்டப்படி மூடப்படவே இல்லை. வாயிற்கதவில் அறிவிப்பு ஒட்டப்படவில்லை. தொழிலாளர் துறைக்கு விண்ணப்பம் செல்லவில்லை. இழப்பீட்டுக் கணக்கு எழுதப்படவில்லை. வேலைக்கு அழைப்பது நின்றது, அவ்வளவே.

எல்லைக்கு இப்பால் நம் குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம், கருங்கல், குழித்துறை வட்டாரங்களில், "அண்டி ஆபீஸ்" என்று ஊரார் அழைக்கும் ஆலைகளில் நடப்பதும் இதற்கு வேறன்று. கப்பல் வரவில்லை, கொட்டை இல்லை, வந்ததும் சொல்லியனுப்புகிறோம் என்பதே மேற்பார்வையாளர் கூறும் விடை. அவ்விடையைக் கேட்டு வீடு திரும்பும் பெண், தான் வேலையில் இருக்கிறாளா, வேலை இழந்தவளா என்பதை அறியாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும். நாட்கள் மட்டும் நிரம்பா. இந்த இருண்ட நிலைதான் ஒரு வட்டாரம் முழுவதையும் வறுமைக்குள் தள்ளியது என்பதும், இதனைச் சட்டத்தின் ஒளிக்குக் கொண்டுவருவது அரசுகளின் முதற்கடமை என்பதும் எம் கருத்து.

அத்தொழிலின் தன்மையை அறியாதார் இழப்பின் அளவையும் அறிய மாட்டார். ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலிருந்து சாக்கு மூட்டைகளில் வந்திறங்கும் கொட்டையைக் கொல்லத்தார் தோட்டண்டி என்பர். அது சூட்டுருளையில் வறுபடும்போது ஓட்டிலுள்ள எண்ணெய் எரிந்து கரும்புகை எழும். அடுத்த கூடத்தில் பெண்கள் வரிசை வரிசையாகத் தரையில் குந்தியிருப்பர். இடக்கையால் கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தி, வலக்கைத் தடியால் ஒரே அடி. அடி மிகுந்தால் பருப்பு நொறுங்கும். குறைந்தால் ஓடு பிளவாது. ஓட்டெண்ணெய் தோலை அரிக்கும் தன்மையது. அதைத் தடுக்க விரல்களில் சாம்பலைப் பூசிக்கொள்வர். பூசியும் ஆண்டுகள் செல்லச் செல்ல விரல்நுனிகள் கருத்துத் தடிப்பேறும். உடைத்த பருப்பு போர்மா எனப்படும் சூட்டறையில் உலர்ந்தபின் தோல் உரிப்போர் கைக்குப் போகும். பருப்பில் கீறல் விழாமல் மெல்லிய செந்தோலை நீக்குவது அவர்கள் பணி. கடைசியில் தரம் பிரிப்போர். ஒரு பவுண்டு எடையில் 320-க்கு மிகாமல் நிற்கும் முழுப்பருப்பு ஒரு தரம். 240-க்கு மிகாதது அதனினும் உயர்ந்தது. 210, 180 என எண் இறங்க இறங்க விலை ஏறும். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்காமல் கண்ணாலும் கைப்பழக்கத்தாலுமே இதனை வகுத்துவிடுவர். இருபது முப்பது ஆண்டு உழைப்பில் வந்த இத்திறனுக்குச் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. ஆலை நின்றதும் அத்திறனை விலைகொடுத்து வாங்க வேறொரு தொழிலும் அவ்வட்டாரத்தில் இல்லை.

கூலி முறையிலேயே ஒரு வேறுபாடு புதைந்திருந்தது. வறுக்கும் ஆண்களுக்கு நாட்கூலி. உடைக்கும் பெண்களுக்கும் உரிக்கும் பெண்களுக்கும் எடைக்கூலி. தரம் பிரிப்போர்க்கு நாட்கூலி உண்டு. ஆனால் அவ்வேலைக்கு யார் அமர்த்தப்பட்டனர் என்பதில் சாதி இருந்தது. தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்கள் பெரும்பாலும் கொட்டை உடைக்கும் கூடத்தில் நிறுத்தப்பட்டனர். சுவீடன் நாட்டு வரலாற்றாய்வாளர் அன்னா லிண்ட்பெர்க் 1930 முதல் 2000 வரையிலான இத்தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்து, சாதியும் பாலினமும் ஆலைக்குள் எவ்வாறு வேலையாகவும் கூலியாகவும் மாறின என்பதை விரிவாக எழுதியுள்ளார். ஆணே குடும்பத்தைக் காப்பவன், பெண்ணின் ஊதியம் துணை வருவாய் என்ற எண்ணம் முதலாளியிடம் மட்டுமன்றித் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் அரசு அதிகாரிகளிடமும் வேரூன்றியிருந்தது. கணவன் கைவிட்ட, கணவனை இழந்த, கணவனுக்கு வேலை கிட்டாத பெண்களின் வருவாய்தான் பல வீடுகளில் ஒரே வருவாய் என்பது எல்லார்க்கும் தெரிந்திருந்தும் அவ்வெண்ணம் மாறவில்லை. வேலை போனபோது அரசுகள் காட்டிய பொறுமைக்கும் இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம். 3 லட்சம் ஆண்கள் ஒரு மாவட்டத்தில் வேலையிழந்திருந்தால் நாடு இவ்வளவு அமைதியாக இருந்திருக்காது.

பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து போர்த்துக்கேசியர் கொண்டுவந்த மரம் முந்திரி. அதன் பருப்பு ஏற்றுமதித் தொழிலாகக் கொல்லத்தில் தலையெடுத்தது 1920-களில். கரியமில வாயு நிரப்பிய தகர டப்பாக்களில் அடைத்தால் பருப்பு கெடாமல் அமெரிக்கா வரை செல்லும் என்று கண்டபின் தொழில் விரைந்து வளர்ந்தது. உள்நாட்டு விளைச்சல் போதாமல் கிழக்கு ஆப்பிரிக்கக் கொட்டை கப்பலில் வரத் தொடங்கியதும் அக்காலத்திலேயே. ஆக, கொட்டை அயல்நாட்டது, சந்தை அயல்நாட்டது, உழைப்பு மட்டும் நம்முடையது என்ற அமைப்பு தொடக்கத்திலேயே இருந்தது. இத்தொழில் உறுதியான நிலத்தில் நின்றதில்லை.

திருவிதாங்கூர் ஆட்சியில் கொல்லமும் குமரியும் ஒரே நாட்டின் பகுதிகள். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது ஒரே தொழில் இரு மாநிலங்களுக்குப் பங்காயிற்று. கொல்லத்தில் என். ஸ்ரீகண்டன் நாயர் போன்ற தலைவர்களின் கீழ் சங்கங்கள் வலுப்பெற்றன. குறைந்தபட்சக் கூலியும் ஊக்கத்தொகையும் போராடிப் பெறப்பட்டன. அதன் விளைவாகப் பல முதலாளிகள் எல்லையைத் தாண்டிக் குமரிக்கு வந்தனர். இங்கே கூலி குறைவு, சங்கம் நொய்மை. கொல்லத்துப் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட வேலை விளவங்கோட்டுப் பெண்ணுக்குக் குறைந்த கூலியில் கிடைத்தது. இதனை நம் மாவட்டத்தின் வளர்ச்சி என்று பேசியோர் உண்டு. ஏழைப் பெண் ஒருத்தியின் உரிமையைப் பறித்து மற்றோர் ஏழைப் பெண்ணுக்கு அரைவயிற்றுக் கூலி தந்ததை வளர்ச்சி என்று நாம் ஒருகாலும் ஏற்கோம்.

கேரள அரசு வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1969-இல் மாநில முந்திரி வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் கீழ் 30 ஆலைகள். 1984-இல் காப்பெக்ஸ் எனப்படும் கூட்டுறவுத் தலைமைச் சங்கம் வந்தது. தொழிலாளர் நல நிதி வாரியம் அமைந்தது. ஆண்டுதோறும் ஓணத்துக்கு முன் அரசு முன்னிலையில் ஊக்கத்தொகைப் பேச்சு நடைபெறும். நின்றுபோன ஆலைகளின் தொழிலாளர்க்கும் ஓணத்தையொட்டிச் சிறு கருணைத்தொகை உண்டு. தமிழ்நாட்டில் குமரித் தொழிலாளர்க்கு இத்தகைய தனி அரண் எதுவும் எழுப்பப்படவில்லை. இவ்வளவு அரண் இருந்த கொல்லமே சாய்ந்தது என்றால், அரண் எதுவுமற்ற குமரியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றன்று. 2015-இல் கேரளத்தில் முந்திரித் தொழிலாளர் கூலி ஏறத்தாழ 35 விழுக்காடு உயர்த்தப்பட்டது. முதலாளிமார் முதலிற்சுட்டும் காரணம் இதுவே. ஆனால் அதற்கடுத்த ஆண்டே, 2016-17 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில், அதுவரை வரியில்லாது வந்த கொட்டைக்கு 5 விழுக்காடு அடிப்படைச் சுங்க வரி விதிக்கப்பட்டது. பிற வரிகளும் சேர 9.36 விழுக்காடாயிற்று. உள்நாட்டு விளைச்சல் நம் ஆலைகளின் தேவையில் ஏறத்தாழப் பாதியையே நிரப்பும். மீதிப் பாதியை அயல்நாட்டிலிருந்து வாங்கும் தொழிலின் மூலப்பொருளுக்கு வரி போடுவது என்னும் முடிவு எவ்வளவு அறியாமையில் எடுக்கப்பட்டது என்பதற்கு, 2018-இல் அது 2.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதே சான்று. அவ்விரண்டாண்டு இடைவெளியில் ஆலைகள் பல வீழ்ந்துவிட்டன. அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் கொட்டை விலை உச்சத்தைத் தொட்டது. கடன் வாங்கிக் கொட்டை வாங்கியோர் பருப்பு விலை இறங்கியதும் தவணை கட்டத் தவறினர். வங்கிகள் ஆலைகளையும் உடைமைகளையும் கைப்பற்ற முற்பட்டன. சிறு முதலாளிகள் சிலர் தற்கொலை செய்துகொண்ட துயரமும் நேர்ந்தது. ஆலையுடையார் எல்லாரையும் கொடியவராகக் காட்டுவது எம் நோக்கமன்று.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் வியட்நாம். 2006 அளவில் பருப்பு ஏற்றுமதியில் அந்நாடு இந்தியாவை முந்தியது. அங்கே கொட்டையை உடைப்பதும் உரிப்பதும் பெரும்பாலும் இயந்திரம். நம் ஆலைகளோ கையுழைப்பின் மலிவை நம்பியே பல பத்தாண்டுகளைக் கழித்தன. கூலி குறைவாக இருந்த காலத்தில் ஈட்டிய ஆதாயத்தில் ஒரு பங்கை இயந்திரத்திலும் பயிற்சியிலும் இட்டிருந்தால் கூலி உயர்ந்தபோது தொழில் தாங்கியிருக்கும். அது செய்யப்படவில்லை. ஆகவே கூலி உயர்வே தொழிலைக் கொன்றது என்பது பாதி உண்மை. கூலி குறைந்த குமரியிலும் வேலைநாட்கள் சுருங்கியது ஏன் என்ற கேள்விக்கு அவ்வாதத்தில் விடையில்லை. வெளிநாட்டுப் பருப்பு கால்நடைத் தீவனம் என்றும் பிற பெயர்களிலும் குறைந்த மதிப்பிட்டு இறக்குமதியாகிறது என்ற குற்றச்சாட்டும் நெடுங்காலம் ஒலித்தது. 2019-இல் உடைந்த பருப்புக்குக் கிலோவுக்கு 680 ரூபாய், முழுப்பருப்புக்கு 720 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை உயர்த்தப்பட்ட பின்னரே அதற்கு ஓரளவு தடை வந்தது.

இவ்விடத்தில் மொசாம்பிக் நாட்டின் வரலாற்றை நம் வாசகர் அறிதல் நன்று. அது நம்மோடு நேராகத் தொடர்புடையது. 1970-களின் தொடக்கத்தில் உலகிலேயே மிகுதியாக முந்திரி விளைந்த நாடு அது. விடுதலையும் உள்நாட்டுப் போரும் கடந்து, தன் கொட்டையைத் தானே உடைத்து ஏற்றுமதி செய்ய அந்நாடு முயன்றது. கொட்டையைப் பச்சையாக வெளியே விடாமல் தடுக்க ஏற்றுமதி வரி விதித்திருந்தது. அவ்வரியைத் தளர்த்துமாறு உலக வங்கி 1990-களின் நடுவில் வற்புறுத்தியது. விலை உயர்ந்து உழவர் பயன்பெறுவர் என்பது அறிவிக்கப்பட்ட காரணம். வரி தளர்ந்தது. கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு, நம் மேற்குக் கரைக்கு, வந்தது. மொசாம்பிக்கில் ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்த ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன; சில ஆண்டுகளில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலையிழந்தனர். மார்கரெட் மெக்மில்லன், டானி ராட்ரிக், காரென் ஹார்ன் வெல்ச் ஆகிய மூவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, முந்திரி பயிரிடும் குடும்பம் ஒன்றுக்கு இச்சீர்திருத்தத்தால் கிடைத்த கூடுதல் வருவாய் ஆண்டுக்குச் சராசரி 5.30 டாலருக்கு மேலிராது என்று கணக்கிட்டது. அந்தச் சில்லறைக்காக ஒரு நாட்டின் தொழில் அழிந்தது.

அன்று மொசாம்பிக் பெண்களின் கையிலிருந்து நழுவிய கொட்டைதான் கொல்லத்திலும் குமரியிலும் நம் பெண்களின் கைக்கு வந்தது. நாம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும். பின்னர் வியட்நாமின் இயந்திரம் நம் பெண்களிடமிருந்து அதை வாங்கிக்கொண்டது. இப்போது உலகில் மிகுதியாகக் கொட்டை விளைவிக்கும் ஐவரி கோஸ்ட் நாட்டரசு, தன் மண்ணிலேயே உடைக்கும் ஆலைகளுக்கு ஊக்கத்தொகை தருகிறது. அது அவர்கள் உரிமை. அதனைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஆனால் இதிலிருந்து நம் அரசுகள் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. ஆப்பிரிக்கக் கொட்டை மலிவாகவும் தடையின்றியும் வந்துகொண்டிருந்த காலம் மீளாது. அதை எதிர்நோக்கி ஆலைக்கதவைத் திறந்தும் திறவாமலும் வைத்திருப்பதில் பயனில்லை. இவ்வுண்மையை அப்பெண்களிடம் நேரே சொல்லும் துணிவு இதுவரை எந்த அமைச்சர்க்கும் வரவில்லை.

இனி, மூடாமல் மூடுவதால் நேர்ந்த இழப்பைக் கணக்கிடுவோம். தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் ஆறுமாதப் பங்களிப்புக் காலம் ஒன்றில் 78 நாளேனும் பங்களிப்பு இருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை கிட்டும். மாதத்துக்கு ஐந்தாறு நாள் மட்டுமே ஆலை திறந்தால், ஆறு மாதத்தில் முப்பதோ நாற்பதோ நாட்கள்தான் தேறும். முப்பதாண்டு கொட்டை உடைத்து முதுகும் முழங்காலும் தேய்ந்தவள், உதவி மிகவும் வேண்டிய வயதில், அத்திட்டத்தின் வரம்புக்கு வெளியே தள்ளப்படுகிறாள். வருங்கால வைப்புநிதியின் ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். அதனை எட்டினாலும், 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியமாக வரையறுக்கப்பட்ட 1,000 ரூபாயைச் சுற்றியே பலர் நிற்பர். பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் 240 நாள் கணக்கில் ஏற வேண்டும். வேலையில்லா நாட்களை முறைப்படி "லே-ஆஃப்" என்று ஆலை பதிவு செய்திருந்தால் அவையும் பணிநாட்களாக எண்ணப்படும். பாதி ஊதியமும் தரப்பட வேண்டும். பதிவு செய்யாமல் கதவை மட்டும் சாத்தினால், அந்நாட்கள் யாருடைய கணக்கிலும் இல்லை.

முறைப்படி மூடியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகவும், மேலும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் பணிக்கொடையாகவும் கிடைத்திருக்கும். இருபத்தைந்தாண்டு உழைத்தவளுக்கு இவ்விரண்டும் சேர ஏறத்தாழ ஈராண்டு ஊதியம். ஒரு மகளின் படிப்புக்கோ, ஒரு கடனை அடைக்கவோ, ஒரு தையற்பொறியும் சிறு கடையும் வைக்கவோ அது போதும். அப்பணம் ஒரு வட்டாரத்துக்குள் ஒரே காலத்தில் இறங்கியிருந்தால், வீழ்ச்சியின் வேகம் தணிந்திருக்கும். அது வரவில்லை. வராததால் பெண்கள் நுண்கடன் குழுக்களிடம் சென்றனர். வேலையிருந்த காலத்தில் வாரக்கூலியை நம்பி வாங்கிய கடனை, வேலையில்லாக் காலத்தில் இன்னொரு கடன் வாங்கி அடைத்தனர்.

வட்டார இழப்பு என்பது ஆலைக்கு வெளியே தெருவில் தெரிவது. முந்திரி ஆலைகளில் கூலி வாரந்தோறும் கைக்கு வரும். அன்று மாலை ஆலைவாயிலைச் சுற்றி மீன் விற்போரும், துணி விற்போரும், சீட்டுப் பணம் வாங்குவோரும் நிற்பர். மளிகைக்கடைக்காரர் வாரக்கணக்கைத் தீர்த்துக்கொள்வார். முந்நூறு பெண்கள் வேலை செய்த ஆலை நின்றால் அன்று மாலைச் சந்தையும் நின்றுபோகும். ஆலைப் பெண்களை ஏற்றிவந்த வேன்களும் ஆட்டோக்களும் ஓட்டமிழக்கும். ஓட்டைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துப் பெயின்டுக்கும் வண்டிகளின் பிரேக் பட்டைக்கும் அனுப்பும் சிறு ஆலைகள் ஓடின்றி ஓயும். வளைகுடா நாட்டுப் பணம் வரும் வீடுகள் கொல்லத்தில் மிகுதி என்பதால் இவ்வீழ்ச்சி மாவட்டச் சராசரியில் தெரியாது. ஆனால் கொட்டை உடைத்தவர்களின் வீடுகளுக்கு வளைகுடாப் பணம் வந்ததில்லை. சராசரிக் கணக்குகளை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டம் செழிப்பாக உள்ளது என்று எழுதும் பொருளியலாளர்கள், கிளிகொல்லூரிலும் குண்டறையிலும் இறங்கி நடந்து பார்க்க வேண்டும்.

வேறு வேலைக்குப் போகலாமே என்று கேட்போர் உண்டு. போயினர். நூறுநாள் வேலைத் திட்டத்துக்குச் சென்றனர். வீட்டுவேலைக்கும் துணிக்கடைகளுக்கும் சென்றனர். இளையோர் முந்திரி ஆலைக்கு வரவே விரும்பவில்லை. அதனை நாம் வரவேற்கிறோம். தாயின் கருகிய விரல்களைக் கண்டு வளர்ந்த மகள் அவ்வேலையை மறுப்பது நியாயம். எம் கவலை ஐம்பதைக் கடந்த பெண்களைப் பற்றியது. நாள்முழுதும் நிற்க வேண்டிய கடைவேலைக்கு அவர்களை எவரும் எடார். மண்வெட்டி வேலைக்கு உடல் ஒத்துழையாது. மீண்டும் இயந்திரத்தோடு திறக்கப்பட்ட சில ஆலைகளிலோ, கொட்டை வெட்டும் பொறியை இயக்கும் வேலை பெரும்பாலும் ஆண்களுக்கும் வெளிமாநிலத்து இளைஞர்க்கும் போயிற்று. பெண்களுக்குப் பொறியைக் கற்பிக்க இயலாது என்று எந்த ஆய்வும் சொன்னதில்லை. கண்ணளவில் 320-ஐயும் 240-ஐயும் பிரித்தறிபவர்க்கு ஒரு பொறியின் விசைகளைக் கற்பது அரிதன்று. கற்பிக்கும் எண்ணமே எழவில்லை என்பதுதான் உண்மை.

சட்டமும் இப்போது அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்துள்ளது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன்னனுமதி வேண்டியதில்லை; முன்பு அவ்வரம்பு 100. நடுத்தர ஆலைகள் பலவும் இத்தளர்வுக்குள் வந்துவிடும். முன்னனுமதி தேவையில்லை என்று ஆனபின்னும் ஓர் ஆலை முறைப்படி மூடாமல் தொழிலாளரைக் காத்திருக்கச் செய்யுமானால், அதன் நோக்கம் இழப்பீட்டைத் தவிர்ப்பது தவிர வேறென்னவாக இருக்க முடியும்? அதே தொகுப்பில், ஆட்குறைப்புக்கு உள்ளான தொழிலாளர்க்கு 15 நாள் ஊதியம் மறுபயிற்சிக்கென நிதியாக அளிக்கப்பட வேண்டும் என்றும் உள்ளது. ஆனால் ஆட்குறைப்பு என்று எழுத்தில் இல்லாதவரை அந்நிதியும் இல்லை.

ஆதலின் நாம் கேட்பது இது. தொடர்ந்து ஆறு மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குக் குறைவாக வேலை தந்த உணவுப் பதப்படுத்தும் ஆலையை, உரிமையாளர் அறிவித்தாலும் அறிவியாவிட்டாலும், மூடப்பட்டதாகவே சட்டம் கொள்ள வேண்டும். இதற்கான விதியை வகுக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு இல்லையெனில் ஒன்றிய அரசே சட்டத்திருத்தம் கொணர வேண்டும். முந்திரிக்கு மட்டும் பொருந்தும் நோய் அன்று இது. கொட்டையோ, மீனோ, கிழங்கோ, பருவத்தையும் கப்பலையும் நம்பிப் பெண்களை எடைக்கூலிக்கு அமர்த்தும் எல்லா ஆலைகளிலும் இதே வழக்கம் பரவியிருக்கிறது. ஆலையின் சொத்து வங்கியின் கைக்குப் போகும்போது தொழிலாளரின் நிலுவையே முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்பதிலும் ஐயத்துக்கு இடமிருத்தல் ஆகாது.

சிறு உரிமையாளர் இழப்பீடு தர வழியின்றி நொடித்துப்போனார் என்ற மறுமொழி வரும். பல நேர்வுகளில் அது உண்மை. அங்கே அரசு தன் கருவூலத்திலிருந்து தர வேண்டும். 2016-இல் வரி விதித்துத் தொழிலை முடக்கியதில் ஒன்றிய அரசுக்குப் பங்குண்டு. அவ்வாண்டுகளில் கொட்டைக்குத் தண்டிய சுங்கப் பணத்தின் ஒரு பகுதியையேனும் அப்பெண்களுக்குத் திருப்பித் தருவது முறை. கேரளம் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே கொட்டை வாங்கத் தனி நிறுவனம் அமைத்தது. தமிழ்நாடு 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 10 கோடி ரூபாயில் முந்திரி வாரியம் அறிவித்தது. இவை நல்ல முயற்சிகள். பண்ருட்டியில் 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் வீழ்த்திய தோப்புகளை மீட்டெடுத்த உழவர்க்கு அவ்வாரியம் துணைநிற்கட்டும். ஆனால் வாரியத்தின் பார்வை மரத்தோடும் விளைச்சலோடும் நின்றுவிடலாகாது. குமரியின் உடைக்கும் கூடங்களில் இருப்பவர்களும் அதன் பொறுப்பில் வர வேண்டும்.

எல்லைக்கு இருபுறமும் உள்ளோர் ஒரே தொழிலின் மக்கள். கொல்லத்துக்கு ஒரு கணக்கு, குமரிக்கு ஒரு கணக்கு என்று பிரித்தால் இரண்டிலும் விடுபடுவோர் மிகுவர். அங்கு நின்ற ஆலையின் உரிமையாளரே இங்கும் ஆலை வைத்திருப்பது உண்டு. கேரள, தமிழ்நாட்டு அரசுகளின் தொழிலாளர் துறைகள் கூடி, 2015 முதல் வேலை நின்ற ஒவ்வொரு முந்திரி ஆலையின் வருகைப் பதிவேட்டையும் வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெண்ணின் பணியாண்டு, வரவேண்டிய பணிக்கொடை, வைப்புநிதி நிலுவை ஆகியவற்றை ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். பதிவேடுகளைக் கரையான் அரிக்கும் முன், அவற்றிலுள்ள பெண்கள் உயிரோடிருக்கும்போதே இது நடக்க வேண்டும். இரு முதலமைச்சர்களும் தம் தொழிலாளர் துறைச் செயலர்களை அழைத்து இப்பணியைத் தொடங்குமாறு ஆணையிட வேண்டுகிறோம்.